கலைச்செல்வியின் மே மாத லீவு

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் ஒரு காலை பொத்தானை அழுத்தாமலே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி உள்ளே வந்து எந்த மாடிக்குப் போகவேண்டும் என்று கேட்டார். உங்கள் ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள் என்று நான் பதில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நோய் ஒன்றும் இல்லை, நான்கு வருடமாக ஒரு நாள்கூட ஓய்வு காணாத உடம்பு இப்படித்தான் செய்யும் என்றார். பதினைந்து நாள் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, முடிந்தால் வெளிநாடு எங்காவது போய் வாருங்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

என் கடை இணையத்தில் இருக்கிறது. கல்யாணச் சீர்த்தட்டு, குத்துவிளக்கு, பன்னீர்ச் சொம்பு, மணவறைத் திரை. லண்டன், டொராண்டோ, சிட்னி என்று தமிழர்கள் கல்யாணம் செய்யும் ஊருக்கெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் பொட்டலம் போகும். கணவர் பதினைந்து நாள் விடுப்பு எடுத்துப் பொட்டலம் கட்ட ஒப்புக்கொண்டார். பாலிக்குப் போ, லங்காவிக்குப் போ என்று தோழிகள் சொன்னார்கள். நான் பெரம்பலூருக்குப் போகிறேன் என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பெரம்பலூரில்தான் கலைச்செல்வி இருந்தாள். அவளுடைய கணவன் முருகேசன் முன்பு எங்கள் பக்கத்தில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். ஊர் திரும்பும்போது, பி.எஸ்சி. படித்த தன் மனைவிக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டான். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையைக் கொடுத்தேன். நான்கு வருடம் ஆயிற்று. அவளை நான் நேரில் பார்த்ததில்லை.

ஆனால் அவள் மேல் பொறாமை இருந்தது, அதை இப்போது ஒளித்து என்ன பயன். என் கடைக்கு வரும் கடிதங்கள் "அன்புள்ள கலை" என்றுதான் தொடங்கும். ஒருவர் குழந்தையின் படத்தை அனுப்பி, கலை பார்க்கவேண்டும் என்பார். நான் ஐந்தே நிமிடத்தில் பதில் போட்டாலும் ஒருவரும் நன்றி சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தினமும் ஒன்றிலிருந்து நான்கு மணிவரையும் கலைச்செல்வி பதில் எழுதமாட்டாள். அவளுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது எப்படி என்று பார்க்கவேண்டும். ஓய்வு என்று நான் கிளம்பியது அதற்குத்தான்.

முதல் நாளே பஸ் என்னை ஏமாற்றியது. பெரம்பலூர் என்று கேட்டு ஏறினேன், கண்டக்டரும் தலையாட்டினார். ஆனால் பஸ் ஊருக்குள் போகவில்லை. நாலு ரோட்டில், மே மாத வெயிலில், பெட்டியோடு என்னை இறக்கிவிட்டு, "இங்கேருந்து ஆட்டோல போயிக்கங்க, இது பைபாஸ் வண்டி" என்றார் கண்டக்டர். சிங்கப்பூரில் பஸ் நிற்கும் இடம் எல்லாம் பலகையில் எழுதியிருக்கும். இங்கே ஏறும்போதே சண்டை போட்டுக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்று ஆட்டோக்காரர் எனக்கு விளக்கினார். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். அறையில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை.

மதியம் கலைச்செல்வி வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள், நடையில் எந்த அவசரமும் இல்லை. முருகேசனுக்கு இப்போது ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை, காலையில் போனால் மாலைதான் வருவான். சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டுக் கெட்டியாக வைத்த சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் பரிமாறினாள். நான்கு வருடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இல்லாமல் நான் சாப்பிட்ட முதல் மதியச் சாப்பாடு. மூன்று முறை சாம்பார் வாங்கினேன்.

கை கழுவி வந்தபோது பாய் விரித்திருந்தது. நீங்களும் படுங்கக்கா என்று எனக்கு ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். சம்பளம் கொடுக்கும் முதலாளி, கடல் தாண்டி வந்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு மணிவரை அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் நகையைப் பார்த்து, வீட்டைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. தூக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றுதான்.

மறுநாள் அவள் வேலை செய்யும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பலகைத் தடுப்புகளுக்குள் ஆறு கம்ப்யூட்டர். நடத்துபவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். கரண்ட் போனால் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும், அதற்குள் முடிச்சுக்குங்க என்று உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். டாக்டரின் உத்தரவு எனக்கு நினைவிருந்தது. நான் தொடவில்லை, கலையின் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அன்று காலை அவள் எழுதியது ஒன்பதே கடிதம். அந்த நேரத்தில் நான் நாற்பது எழுதியிருப்பேன். வந்த கடிதத்தை இரண்டு முறை படித்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அப்புறம்தான் அனுப்பினாள். சிட்னிக்காரர் ஒருவர் விளக்கு எத்தனை அடி என்று கேட்டிருந்தார். உயரத்தைச் சொல்லிவிட்டு, போன மாசம் அம்மாவுக்கு முட்டி வலின்னு எழுதியிருந்தீங்களே, உட்கார்ந்து ஏற்றவேண்டிய விளக்கு வேண்டாம், உயரமானதை வாங்குங்கள் என்று எழுதினாள். முட்டி வலியை நானும் படித்திருந்தேன், தாண்டிப் போயிருந்தேன்.

கடைசியாக ஒரு கடிதம் எழுதி, அதை இருபது முப்பது பேருக்கு ஒன்றாக அனுப்பினாள். படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. நாளை முதல் பதினைந்து நாள் அம்மா வீட்டுக்கு முந்திரி பொறுக்கப் போகிறேன், அவசரம் இல்லாதவர்கள் ஜூன் மாதம் எழுதுங்கள், அவசரம் என்றால் கடையில் வேறொருவர் பார்ப்பார் என்றிருந்தது.

ஒவ்வொரு வருடமும் இப்படி எழுதுவாயா என்று கேட்டேன்.

"ஆமாக்கா. உங்ககிட்ட லீவு சொல்றேன்ல, அவங்ககிட்டயும் சொல்லணும்ல."

மே மாதம் அவள் லீவில் இருக்கும்போது நான்தான் பதில் எழுதுவேன். நான்கு மே மாதமும் கடிதமே வராது. கல்யாண வியாபாரம் மே மாதத்தில் மந்தம் என்று நானே முடிவு கட்டி, ஒவ்வொரு மே மாதமும் பதறிப்போய்த் தள்ளுபடி அறிவித்து, விளம்பரம் போட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்து கிடந்திருக்கிறேன். மந்தம் ஒன்றும் இல்லை. அவள் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். அந்த "வேறொருவர்" நான்.

ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்தில் அவளுடைய அம்மாவுக்குச் சின்னதாக ஒரு முந்திரித் தோப்பு. போகாவிட்டால் வீட்டில் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்டேன். ஏதாவது ஒரு கட்டாயம் இருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறும் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துவிட்டு, கூலிக்கு ஆள் கிடைக்கும், எனக்குப் பிடிக்கும், அதான் போறேன் என்றாள். எனக்கு டாக்டர் காகிதம் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை அவள் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறினாள். நான் பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் இன்னொருவரிடம், மக்காச்சோளம் போடலாமா பருத்தி போடலாமா என்று ராத்திரி எல்லாம் யோசித்ததில் மூத்திரமே மஞ்சளாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஊரிலும் தூங்காதவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பத்து மணிவரை தாக்குப்பிடித்தேன். பிறகு பாய் கடைக்குப் போனேன்.

வியாபாரத்தில் வந்த கடிதங்களைத்தான் எப்போதும் பார்ப்பேன். அனுப்பியவற்றை நான் திறந்ததே இல்லை. அன்று திறந்தேன். நான்கு வருடக் கடிதங்கள். அவளுடைய வீட்டில் மழை ஒழுகியது, முருகேசன் புது சைக்கிள் வாங்கியது எல்லாம் டொராண்டோவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. அவள் எழுதுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று தோன்றியது. இரண்டு வரி விசாரிப்பு, ஒரு வரி வியாபாரம். யாரும் எழுதலாம்.

எழுதினேன். கலை என்றே கையெழுத்துப் போட்டேன். இந்த வருடம் சீக்கிரம் திரும்பிவிட்டேன், தாராளமாக எழுதுங்கள் என்று தொடங்கி, பதினான்கு பேருக்குத் தனித்தனியாக, அவள் நடையிலேயே. லண்டனில் புவனேஸ்வரி என்றொரு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். மகளுக்கு ஆகஸ்டில் கல்யாணம், இருபத்தொரு சீர்த்தட்டு வேண்டும் என்று மார்ச் மாதம் எழுதியிருந்தார். அவருக்கு எழுதியதுதான் எனக்கே ரொம்பப் பிடித்தது. கல்யாண வேலை எப்படிப் போகிறது, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்கிறார்கள், மகள் முகத்தில் களை வந்துவிட்டதா என்று கேட்டு, தட்டுகளை இப்போதே அனுப்பிவிடட்டுமா என்று முடித்தேன். வெளியே வந்து கொத்துப் பரோட்டா சாப்பிட்டேன். கல்லில் கரண்டி அடிக்கிற சத்தம்கூட அன்று நன்றாக இருந்தது.

நான்காம் நாள் கடை திறந்ததும் போய் உட்கார்ந்தேன். ஆறு ஆர்டர் வந்திருந்தது. மே மாதத்தில் ஆறு. பாயிடம் சொல்லி டீ வரவழைத்தேன். ஏழாவதாக லண்டன் கடிதம். ஒரே வரி.

"பிள்ளை, இதை நீங்கள்தான் எழுதினீர்களா?"

டீ ஆறிப்போனது. என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. பழைய கடிதங்களை எல்லாம் தேடினேன். மார்ச், ஏப்ரல், எல்லாம் கல்யாணப் பேச்சுதான். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கலையிடம் செல்போன் கிடையாது. முருகேசனைப் பிடித்துக் கிராமத்தின் பெயரையும் பஸ் விவரத்தையும் கேட்டுக்கொண்டேன். எதற்கு என்று அவன் கேட்டான். சும்மா தோப்பைப் பார்க்க என்று சொன்னேன்.

ஐந்தாம் நாள் அரியலூர் போய் அங்கிருந்து ஜெயங்கொண்டம் போகவேண்டும். அரியலூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள், பஸ்ஸுக்குள் எல்லோர் தலையிலும் வெள்ளைத் தூசி. கூட்ஸ் வண்டி வந்தது, நின்றது, பின்னால் போனது, மறுபடியும் வந்தது. எங்கள் ஊரில் ரயில் இரண்டு நிமிடம் தாமதம் என்றால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே டிரைவர் இறங்கிப் போய் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். உப்பும் மிளகாய்த்தூளும் தடவியிருந்தது. வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். லண்டனிலிருந்து வந்த அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயங்கொண்டத்திலிருந்து மினி பஸ். இறங்கிய இடத்திலேயே முந்திரிப்பழ வாசனை அடித்தது. தோப்பில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்கள். கலை முருகேசனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். சட்டை எல்லாம் பழச்சாற்றுக் கறை. ஏதோ சொல்லி அவளுடைய அக்காள்மார் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, ஒரு பழத்தைப் பிட்டு உப்புத் தொட்டுக் கொடுத்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு கடிதம் என்பதையும், அவள் பெயரைப் போட்டதையும் சொன்னேன். ஏன் என்பதைச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. லண்டன் கடிதத்தைச் சொன்னபோது மட்டும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அந்தக் கல்யாணம் நின்னுபோச்சுக்கா. மாப்பிள்ளை வூட்ல வேணாம்னுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாத, படிச்சதும் அழிச்சுடுன்னு எழுதுனாங்க. அழிச்சுட்டேன்."

கையைத் துடைத்து முடித்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அவங்களுக்குக் கண்ணு சரியில்ல. அந்தப் பொண்ணுதான் லெட்டர் எல்லாம் தொறந்து படிச்சுக் காட்டும்."

மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்கிறார்கள், முகத்தில் களை வந்துவிட்டதா. என் வரிகள் ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தன.

கலை சட்டையைக் கழற்றி மரக்கிளையில் போட்டாள். அம்மாவிடம் டவுனுக்குப் போயிட்டு வரேன் என்றாள். அந்தப் பயணம் முழுவதும் என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஜெயங்கொண்டத்தில் ஓர் எஸ்டிடி பூத். மதியம் மூன்றரை, லண்டனில் காலை நேரம். எண் அவளுக்கு மனப்பாடம். அதுவும் எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். குரல் கேட்கவில்லை, உதடுகள் மட்டும் தெரிந்தன. முதலில் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நிறையப் பேசினாள். நடுவில் கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். நான் செய்த காரியத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்கோ அப்போதும், லண்டனில் இருக்கும் ஒருத்தியோடு இப்படிச் சிரித்துப் பேச எனக்கு யாரும் இல்லையே என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

கதவைத் திறந்து, உங்ககிட்ட பேசணுமாம் என்று ரிசீவரை நீட்டினாள்.

நான் கடையின் முதலாளி, அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்றேன். புவனேஸ்வரி அம்மா ஆச்சரியத்தோடு கேட்டார்.

"முதலாளி எண்டு ஒராள் இருக்கிறியளே? நான் இது கலையின்ர கடை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

குத்திக் காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மகள் படித்தாளா என்று கேட்டேன். படித்தாள், அதற்குப் பிறகு அறையை விட்டு வரவில்லை, இன்று காலைதான் வந்து தேத்தண்ணி குடித்தாள் என்றார். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். சரி என்று அவர் சொல்லவில்லை, வைக்கிறன் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் கலையிடம், வேலையை விட்டுவிடாதே என்று கேட்டேன். அவள் மினி பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் பன்னெண்டு நாள் லீவு இருக்குக்கா எனக்கு. அது முடியட்டும், சொல்றேன்."

அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

பெரம்பலூர் திரும்பியதும் பாய் கடையில் கடைசி முறையாக உட்கார்ந்தேன். அந்தப் பதினான்கு பேருக்கும் என் சொந்தப் பெயரில் உண்மையை எழுதினேன். கடை ஜூன் முதல் தேதிவரை மூடியிருக்கும் என்று முகப்பில் அறிவிப்புப் போட்டேன். கணவருக்குப் போன் செய்தபோது, என்னம்மா ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று பயந்துபோனார்.

மீதி நாட்களை எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத பகல் இவ்வளவு நீளமா. ஒரு நாள் திருமானூர் போய்க் கொள்ளிடத்தைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, கண்ணுக்கெட்டும் தூரம் மணல். பாலத்துக்குக் கீழே நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நுங்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, யாரைத் தேடி வந்தீங்க என்றாள். யாரையும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, லாட்ஜ் அறையில் மதியம் படுத்தவள் ஐந்து மணிக்குத்தான் விழித்தேன். எழுந்ததும், கலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவாள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

சிங்கப்பூர் திரும்பிய பிறகு, ஜூன் மாதம் முதல் நாள் கலையின் கடிதம் வந்தது. வேலையைத் தொடர்கிறேன், என் பேரில் இனி யாரும் எழுதவேண்டாம், மே மாதத்தில் இனிக் கடையை மூடிவிடலாம் என்று மூன்று வரி. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. அவள் கடிதத்தில் அது இல்லாமல் நான் பார்த்ததில்லை. பழையபடி அக்கா என்று எழுத அவளுக்கு ஐப்பசி வரை ஆயிற்று. நானும் அவசரப்படுத்தவில்லை.

புவனேஸ்வரி அம்மாவுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதித் தபாலில் அனுப்பினேன். மகளுக்குத் தனியாக ஒன்று. பதில் வராது என்றுதான் நினைத்தேன். ஜூலையில் மின்னஞ்சல் வந்தது, மகள்தான் தட்டியிருந்தாள். சீர்த்தட்டு வேண்டாம், வீட்டுக்கு ஒரு சின்னக் குத்துவிளக்கு போதும், அவசரம் இல்லை என்று எழுதியிருந்தது. கலைக்கு மே மாதம் லீவு என்று தெரியும், உங்களுக்கு எந்த மாதம் என்று சொன்னால் அப்போது நாங்கள் தொந்தரவு செய்யமாட்டோம் என்று கடைசியில் ஒரு வரி.

நான்கு வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. நாட்காட்டியை எடுத்துப் புரட்டினேன். ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தம், அப்புறம் ஐப்பசி, தை. ஒரு மாதமும் காலி இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தட்டினேன், அழித்தேன். மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. டிசம்பர் என்று எழுதினேன்.

எத்தனை நாள் என்றும் எழுதவேண்டுமே. கலைக்குப் பதினைந்து நாள். நான் இருபது என்று போட்டு அனுப்பினேன்.